நாள் வாடகை வீடுகளும் மாத வாடகைக் குடும்பங்களும்: கேமரன் மலை வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அருகிலுள்ள ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். எங்கள் வரிசை வீடுகளில் பலவற்றைக் கடந்த சில ஆண்டுகளில் வெளியூர்க்காரர்கள் வாங்கி, இணையத்தளங்கள் வழியாக நாள் வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டேக்களாக மாற்றிவிட்டார்கள். வார இறுதியில் கார் நிறுத்த இடம் இல்லை, நள்ளிரவு வரை பாட்டுச் சத்தம், குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது. இவற்றைவிட என்னை வருத்துவது, தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து லயத்து வீட்டைக் காலி செய்யும் குடும்பங்களுக்கு இங்கே மாத வாடகைக்கு வீடு கிடைக்காமல் போவதுதான். முழுத் தடை கேட்டு மாவட்ட மன்றத்துக்கு மனு கொடுக்க வேண்டும் என்று சங்கத்தில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். ஆனால், அந்த வீடுகளைச் சுத்தம் செய்து பிழைக்கும் பெண்களும் எங்கள் தாமானில்தான் இருக்கிறார்கள். என் தம்பியும் எங்கள் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டில் குடியிருந்தபடியே, இரண்டு அறைகளை விருந்தினருக்கு விட்டுவருகிறான். மன்றத்தால் எதைச் செய்ய முடியும்? தடை வந்தால் ஊரின் வருமானம் குறைந்துவிடுமா? தம்பி என்ன செய்ய வேண்டும்?

பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மூன்று கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுத் தடை கேட்டு மனு கொடுக்க வேண்டாம். வீட்டுக்காரர் தாமே குடியிருந்துகொண்டு ஓரிரு அறைகளை விருந்தினருக்கு விடும் வீட்டையும், யாருமே குடியிருக்காமல் முழுவதும் நாள் வாடகைக்கென்று ஒதுக்கப்பட்ட வீட்டையும் வேறு வேறாக நடத்தும் விதியைக் கேளுங்கள். முதல் வகை வீடு பதிவு செய்துகொண்டு தொடரட்டும். இரண்டாம் வகைக்கு உரிமமும் தாமான்தோறும் ஓர் எண்ணிக்கை வரம்பும் வேண்டும். உங்கள் ஊரில் மாத வாடகைக் குடும்பங்களின் இடத்தை எடுத்துக்கொள்வது இரண்டாம் வகைதான். நகரத் திட்டமிடல் ஆலோசகராக ஊராட்சி மன்றங்களோடும் வீட்டுடைமையாளர்களோடும் பணியாற்றி வருபவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

மனுவுக்கு முன்பு, சங்கத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதில் தெளிவு வேண்டும். கோலாலம்பூர் மோண்ட் கியாராவின் வெர்வ் சுவீட்ஸ் அடுக்குமாடி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2020 அக்டோபர் 2-ஆம் தேதி அளித்த தீர்ப்பைக் காட்டி, நாமே தடை போட்டுவிடலாம் என்று உறுப்பினர் யாரேனும் கூட்டத்தில் சொல்லக்கூடும். அந்த அடுக்குமாடியின் நிர்வாகக் கழகம், 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் 70-ஆம் பிரிவின்கீழ் நாள் வாடகையைத் தடை செய்யும் துணைவிதி ஒன்றை இயற்றியிருந்தது. அது செல்லும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வீட்டைக் கைமாற்றுவதையோ குத்தகைக்கு விடுவதையோ அடமானம் வைப்பதையோ தடுக்கும் துணைவிதியை அதே பிரிவு அனுமதிப்பதில்லை என்றாலும், சில நாள்கள் மட்டும் தங்கிப் போகிறவர் குத்தகைதாரர் ஆகமாட்டார், உரிமையாளரின் அனுமதியின்பேரில் தங்குபவர் மட்டுமே என்பது தீர்ப்பின் அடிப்படை. பொதுச் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அடுக்குமாடி வீடுகளுக்கே இது பொருந்தும். உங்கள் தாமானின் வரிசை வீடுகள் ஒவ்வொன்றும் தனிப் பட்டா கொண்டவை என்றால், அங்கே நிர்வாகக் கழகம் என்ற அமைப்பே இல்லை; சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்ற குடியிருப்பாளர் சங்கத்தால் எந்த வீட்டுக்காரரையும் தடுக்கவோ தண்டம் விதிக்கவோ இயலாது. நுழைவாயிலில் தடுப்புக் கம்பி வைப்பது, விருந்தினர் காரை மறிப்பது போன்ற செயல்களில் இறங்கினால் சங்கமே வழக்கில் மாட்டிக்கொள்ளும். ஆகவே மாவட்ட மன்றத்தை அணுகுவதுதான் உங்களுக்குள்ள வழி.

மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நிலமும் ஊராட்சியும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை, சுற்றுலா கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. இந்தப் பிரிவினையால்தான் நாள் வாடகை வீடுகளுக்கு மாநிலத்துக்கு மாநிலம், மன்றத்துக்கு மன்றம் வேறுபட்ட நிலை இருக்கிறது. பினாங்குத் தீவில் 2023-இல் வந்த வழிகாட்டி, குடியிருப்பு வகை அடுக்குமாடிகளில் நாள் வாடகையை அனுமதிக்காமல், வணிக வகைக் கட்டடங்களில் நிர்வாகக் கழகத்தின் ஒப்புதலோடு மட்டும் அனுமதிக்கிறது. பகாங் மாநிலத்து மன்றம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அடுக்குமாடிகள் நிறைந்த ஒரு தீவுக்காக எழுதப்பட்ட விதி, வரிசை வீடுகளும் தோட்ட லயங்களும் நிறைந்த மலைநகருக்குப் பொருந்தவும் செய்யாது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 102-ஆம் பிரிவின்கீழ் துணைவிதி இயற்றவும், 107-ஆம் பிரிவின்கீழ் உரிமம் வழங்கவும் நிபந்தனை விதிக்கவும் மன்றத்தால் முடியும். துணைவிதி நடைமுறைக்கு வர மாநில அரசின் ஒப்புதலும் தேவை என்பதால், உங்கள் மனுவின் ஒரு படி சட்டமன்ற உறுப்பினருக்கும் போக வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஊராட்சிச் சட்டத்தின்கீழ் துணைவிதியை மீறியவருக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 2,000 ரிங்கிட். விடுமுறைக் காலத்தில் ஒரு வாரத்திலேயே அதை ஈட்டிவிடும் வீட்டுக்கு அது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். அதே 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் நிலத்தையோ கட்டடத்தையோ கணிசமாக வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதும் மேம்பாடாகவே கருதப்படுகிறது; திட்ட அனுமதி இல்லாமல் அப்படிச் செய்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். முழு வீட்டை விடுதியாக நடத்துவது பயன்பாட்டு மாற்றமா என்ற கேள்விக்கு மன்றம் தன் உள்ளூர்த் திட்டத்தை (நிலப் பயன்பாட்டை வகுக்கும் ஆவணத்தை) கொண்டு வெளிப்படையாகப் பதில் சொல்லிவிட்டால், புதிய துணைவிதிக்காகக் காத்திருக்காமலே பாதிச் சிக்கல் தீரும். மனுவில் இதைத் தனியாகக் கேளுங்கள்.

இனி நீங்கள் கவலைப்படும் பொருளாதாரத்துக்கு வருகிறேன். நாள் வாடகை வீடுகள் மாத வாடகையை உயர்த்துகின்றனவா என்பதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கா முழுவதன் தரவுகளைக் கொண்டு பாரன், குங், புரோசெர்பியோ ஆகிய மூவர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் வாடகைக்கு வீடு எடுக்க உதவும் ஏர்பிஎன்பி தளத்தில் உள்ள வீடுகள் 1 விழுக்காடு கூடும்போது மாத வாடகை 0.018 விழுக்காடும் வீட்டு விலை 0.026 விழுக்காடும் உயர்வதாகக் கண்டார்கள். பார்வைக்கு இது மிகச் சிறிய எண். பட்டியலில் சேரும் வீடுகள் ஆண்டுதோறும் பல பத்து விழுக்காடு கூடிவந்த காலத்தில் அது சேர்ந்து சேர்ந்து உணரத்தக்க சுமையாகிறது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு முடிவு. சொந்த வீட்டில் தாமே குடியிருப்போர் குறைவாக உள்ள பகுதிகளில் விளைவு கடுமையாக இருந்தது. அப்படிக் குடியிருப்போர் அதிகமுள்ள இடங்களில் மென்மையாக இருந்தது. தாம் வசிக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு விடுதியாக்க யாரும் எளிதில் துணிவதில்லை, வெளியூரில் வசிக்கும் உரிமையாளருக்கு அந்தத் தயக்கம் இல்லை என்பதே காரணம். பார்சலோனாவைப் பற்றிய ஆய்வும் இதே திசையில்தான் போகிறது: சராசரி வட்டாரத்தில் வாடகை 1.9 விழுக்காடு உயர்ந்தபோது, நாள் வாடகை வீடுகள் மிகுதியாகக் குவிந்த வட்டாரங்களில் அது 7 விழுக்காடாக இருந்தது. குவிவதுதான் கெடுதல் செய்கிறது. எண்ணிக்கை வரம்பைத் தாமான்தோறும் வைக்கச் சொல்வது அதனால்தான்.

இந்த எண்களைப் பெருநகரங்களிலிருந்து எடுத்து ரிங்லெட்டின் மேல் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் திசையைப் பொருத்தலாம், உங்கள் ஊரில் அந்த விசை வலுவாகவே இருக்கும் என்றும் சொல்லலாம். ஓர் ஊரில் வாடகை ஏறினால் வழக்கமாக யாராவது புதிய வீடுகளைக் கட்டுவார்கள், ஏற்றம் தணியும். கேமரன் மலையில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. காட்டு ஒதுக்கீடும் செங்குத்துச் சரிவும் போக எஞ்சிய சமநிலத்துக்குக் காய்கறித் தோட்டம், பூந்தோட்டம், தேயிலை, தங்கும் விடுதி என்று ஏற்கெனவே பலர் போட்டியிடுகிறார்கள். சரிவை வெட்டி வீடு கட்டினால் என்ன நேரும் என்பதை மண்சரிவுகளைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே உங்கள் தாமானில் ஒரு வீடு நாள் வாடகைக்குப் போனால், அதற்கு ஈடாக இன்னொரு வீடு எழும்புவதில்லை.

தோட்டத்து நிலைமை இதோடு சேர்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு நிறுவனம் தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் வகுத்திருக்கிறது. ஆனால் அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். 55 அல்லது 60 வயதில் வேலை முடிகிற ஒருவருக்கு, பிள்ளைகள் தாப்பாவிலோ ஈப்போவிலோ வீடு வாங்கியிருந்தால் தவிர, அருகிலுள்ள சிறு நகரின் பழைய வரிசை வீடுதான் புகலிடம். புதிதாக வந்த தாதியும் பள்ளி ஆசிரியரும் தேடுவது அதே வீட்டைத்தான். வெளியூரிலிருந்து முதலீடாக வீடு வாங்குபவரின் கண்ணும் அதன்மேல்தான், ஏனெனில் விலை குறைவு, சாலைக்கு அருகில், மூன்று அறை, ஒரு குடும்பம் வந்து தங்கப் போதும். விருந்தினருக்காகக் கட்டப்பட்ட ஹோட்டல் அறையை லயத்தைவிட்டு வெளியேறும் குடும்பம் கேட்கப்போவதில்லை. வரிசை வீட்டுக்காக மட்டும் இரு தரப்பும் மோதுகிறார்கள். இந்த மோதலில் வருமானம் குறைந்தவர் தோற்பார் என்பது தெரிந்தே இருக்கும்போது, சந்தை தானே சரிசெய்துகொள்ளட்டும் என்று மன்றம் சும்மா இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதை எல்லாத் தோட்டப்புற நகரங்களுக்கும் பொதுவாகச் சொல்லவில்லை. ரப்பர், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிச் சமவெளியில் வளர்ந்த பல சிறு நகரங்களில் இளையோர் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட, வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே பூட்டிய வீட்டை ஒருவர் நாள் வாடகைக்குத் திறந்தால் யாருடைய இடமும் பறிபோவதில்லை, கடைத்தெருவுக்கு நாலு பேர் கூடுதலாக வருவார்கள். அந்த ஊரார் உங்கள் மனுவைப் படியெடுத்துத் தங்கள் மன்றத்துக்குக் கொடுத்தால் அது அவர்களுக்கே கேடு.

ஊரின் வருமானம் குறைந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். முழுத் தடை வந்தால் குறையும், ஆனால் பலரும் அஞ்சுகிற அளவுக்கு இல்லை. மலைக்கு வருகிறவர்கள் குளிருக்காகவும் தேயிலைச் சரிவுக்காகவும் வருகிறார்கள். நாள் வாடகை வீடு இல்லையென்றால் ஒரு பகுதியினர் தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ ஹோட்டலில் தங்குவார்கள், ஒரு பகுதியினர் ஒரே நாளில் வந்து திரும்பிவிடுவார்கள். டெக்சஸ் மாநிலத்தைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஏர்பிஎன்பி மிகுதியாகப் பரவிய ஆஸ்டின் நகரில் ஹோட்டல்களின் வருமானம் 8 முதல் 10 விழுக்காடு வரை குறைந்ததாகவும், அடி அதிகம் பட்டது மலிவு விலை ஹோட்டல்களுக்கே என்றும் கண்டார்கள். அதாவது விருந்தினர் செலவில் ஒரு பகுதி புதிதாக வந்தது, மற்றொரு பகுதி சின்ன ஹோட்டல்களின் கையிலிருந்து இடம் மாறியது. அந்தச் சின்ன ஹோட்டல்காரர் உரிமக் கட்டணமும் தீயணைப்பு விதிகளும் வணிக வரி விகிதமும் சுமந்துகொண்டிருக்கிறார் என்பதையும் மன்றம் நினைவில் கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். எண்கள் என் அனுமானம். உங்கள் தாமானின் எண்களை இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். மாதம் 900 ரிங்கிட்டுக்கு விடக்கூடிய வீடு ஒன்றை இரவுக்கு 300 ரிங்கிட் என்று நாள் வாடகைக்கு விட்டு, மாதம் 8 இரவுகள் விருந்தினர் வந்தால் வரவு 2,400. இணையத்தளத்தின் பங்கு 15 விழுக்காடு என்றால் 360. ஆறு முறை சுத்தம் செய்து துணி துவைக்க முறைக்கு 90 வீதம் 540. மின்சாரம், தண்ணீர், இணையம் 250. உடைந்ததும் தேய்ந்ததும் மாற்ற 200. மிச்சம் 1,050. மாத வாடகைக்கு விட்டிருந்தால் பழுதுபார்ப்புக்கு 100 போக 800 மிஞ்சியிருக்கும். வேறுபாடு 250 ரிங்கிட்தான். மரச்சாமான், மெத்தை, குளிர்பெட்டி என்று தொடக்கத்தில் 25,000 செலவழித்திருந்தால் அதைத் திரும்ப எடுக்க 100 மாதம் ஆகும். அதே வீட்டுக்கு மாதம் 12 இரவுகள் கிடைத்தால் மிச்சம் ஏறத்தாழ 1,750 ஆகி, முதலீடு இரண்டேகால் ஆண்டுக்குள் திரும்பிவிடும். எல்லாம் அந்த நாலு இரவுகளில் இருக்கிறது. தாமானில் நாள் வாடகை வீடுகள் பெருகப் பெருக ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் இரவுகள் குறையும். எண்ணிக்கை வரம்பு, குடியிருப்போரைக் காப்பதோடு, முன்னரே நேர்மையாக நடத்திவருபவரையும் காக்கிறது. கூட்டத்தில் வீட்டுக்காரர்கள் எதிர்த்துப் பேசினால் இந்தக் கணக்கை அவர்கள் முன் வையுங்கள்.

இதே கணக்கில் சுத்தம் செய்யும் பெண்ணுக்குப் போகும் தொகையையும் பாருங்கள். ஒரு வீட்டிலிருந்து மாதம் 540 ரிங்கிட், துவைக்கும் செலவு போக, ஊருக்குள்ளேயே தங்குகிறது. தளத்தின் பங்கு வெளிநாட்டுக்கும், வெளியூர் உரிமையாளரின் லாபம் கோலாலம்பூருக்கோ ஈப்போவுக்கோ போகும்போது, ஊரில் உறுதியாக நிற்பது இந்தக் கூலியும் மளிகைக் கடையில் விருந்தினர் செலவழிப்பதும்தான். முழுத் தடையில் முதலில் கை வெறுமையாவது அந்தப் பெண்களுக்குத்தான். ஆகவே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் முழு வீடுகளுக்கு ஓரிரண்டு ஆண்டு மாறுதல் காலம் தரப்பட வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். விற்கப்படும்போதோ உரிமம் காலாவதியாகும்போதோ எண்ணிக்கை தானாகக் குறைந்து வரம்புக்குள் வரட்டும்.

தடையின் இன்னொரு விளைவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நாள் வாடகையைக் கட்டுப்படுத்திய நகரங்களில் தளத்திலுள்ள வீடுகள் பாதியாகக் குறைந்தன, வீட்டு விலையும் சுமார் 2 விழுக்காடு இறங்கியது. வாங்கக் காத்திருக்கும் இளம் தம்பதிக்கு அது நல்ல செய்தி. வாழ்நாள் சேமிப்பை ஒரே வீட்டில் போட்டிருக்கும் ஓய்வுபெற்ற கிராணிக்கு (தோட்ட எழுத்தருக்கு) அது இழப்பு. 2 விழுக்காடு என்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய இழப்பு என்று நான் நினைக்கிறேன், ஆனால் அவரைக் கேட்காமல் அதை முடிவு செய்யக் கூடாது.

எந்த விதத்தில் கட்டுப்படுத்துவது என்பதில் பல நகரங்கள் இரவு வரம்பை நாடியிருக்கின்றன. லண்டனில் ஆண்டுக்கு 90 இரவு, ஆம்ஸ்டர்டாமில் பொதுவாக 30, ஜப்பானில் 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் 180 நாள். உங்கள் உறுப்பினர்கள் 180 என்ற எண்ணைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆண்டு முழுவதும் பயணிகள் வரும் பெருநகருக்கு அது கடிவாளம். மலைநகரில் கூட்டம் வருவது வார இறுதியிலும் விடுமுறையிலும்தான். வார இறுதிகள் ஆண்டுக்கு 104 இரவுகள், பள்ளி விடுமுறைகளைச் சேர்த்தாலும் ஒரு வீடு 180-ஐ எட்டுவது அரிது. ஆக, வீடு முழு ஆண்டும் குடும்பங்களுக்குக் கிடைக்காமல் கிடக்கும், விதியும் மீறப்பட்டிருக்காது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல் நடைமுறைப்படுத்திவரும் விதியில் வீட்டுக்காரர் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினர் தங்கும்போது உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேற்படக் கூடாது. இருவர் என்ற எல்லை குடும்பமாக வரும் நம் பயணிகளுக்குப் பொருந்தாது. ஆனால் பதிவும் உடனிருப்பும் நமக்கு ஏற்றவை. 1995-இல் தெமர்லோவின் தேசா முர்னியில் தொடங்கிய அரசின் ஹோம்ஸ்டே திட்டமும் விருந்தினர் ஒரு குடும்பத்தோடு தங்குவதையே அடிப்படையாகக் கொண்டது என்பதால், மன்ற அதிகாரிகளுக்கு இது புதிய கருத்தாகத் தோன்றாது. சத்தம், குப்பை, கார் ஆகிய மூன்றும் வீட்டுக்காரர் அடுத்த அறையில் இருந்தால் பெரும்பாலும் எழுவதே இல்லை.

குப்பைக்கும் சாக்கடைக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்பதில் மன்றத்துக்கு நியாயமான குறை உண்டு. 2017 முதல் வசூலிக்கப்படும் சுற்றுலா வரி, அறைக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு மட்டும். 2023 முதல் இணையத்தளங்களும் அதை வசூலிக்கப் பொறுப்பாகின்றன. அது கூட்டரசு வரி, மன்றத்தின் கணக்கில் நேராக வந்து சேர்வதில்லை. சிலாங்கூரிலிருந்தும் பேராக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் அதைச் செலுத்துவதும் இல்லை. ஆகவே முழு வீட்டு உரிமத்துக்கு மன்றம் ஆண்டுக் கட்டணம் வாங்கட்டும். குடியிருந்தபடி ஓரிரு அறை விடுபவருக்குப் பெயரளவு கட்டணம் போதும். எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் சிறியவர் பதிவு செய்யாமல் ஒளிந்துகொள்வார். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்து காசில்லாமல் தங்கும் உறவினர் எந்த விதியிலும் வர மாட்டார்கள் என்பதை விதியிலேயே எழுதச் சொல்லுங்கள், பின்னால் அண்டை வீட்டுச் சண்டைகள் புகாராக மாறுவதைத் தவிர்க்கலாம்.

இப்போது உங்கள் தம்பிக்கு. முதலில் பட்டாவை எடுத்து யார் பெயரில் இருக்கிறது, நிலத்தின் வகை என்ன, வெளிப்படையான நிபந்தனை (பட்டாவில் எழுதியுள்ள பயன்பாட்டு நிபந்தனை) என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் பெயரிலேயே இருந்தால் மன்றத்தில் எதற்கும் விண்ணப்பிக்க இயலாது. 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ் நில அலுவலகத்தில் மனு செய்து பெயர் மாற்றுவதுதான் முதல் வேலை. கட்டட வகை நிலத்தில் குடியிருப்பு என்ற நிபந்தனை இருந்தால், தாமே குடியிருந்து அறை விடுவதை மன்றம் பொறுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. வீடு டி.ஓ.எல் எனப்படும் தற்காலிக உரிமத்தில் உள்ள அரசு நிலத்தில் இருந்தால் உடனே நிறுத்திவிடுவது நல்லது. அந்தத் தற்காலிக உரிமம் ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் காலாவதியாகும், பிறருக்குக் கைமாற்ற முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் விருந்தினரை வைத்துப் பணம் வாங்கி, அதை இணையத்தில் விளம்பரமும் செய்தால், உரிமத்தைப் புதுப்பிக்க மறுப்பதற்கான காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

நிலம் சரியாக இருந்தால் மற்றவை கடினமில்லை. வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். காலம் கடந்திருந்தாலும் இப்போதாவது செய்யட்டும். சுத்தம், படுக்கை விரிப்பு, உணவு போன்ற சேவைகளை முனைப்பாகச் சேர்த்துத் தரும்போது அந்த வருமானம் வெறும் வாடகையாக இல்லாமல் வணிக வருமானமாகக் கருதப்படக்கூடும் என்பதால், வரவு செலவுச் சீட்டுகள் அனைத்தையும் வைத்திருக்க வேண்டும். தங்குவோரின் பெயர், அடையாள எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கூலிக்குத் தங்குமிடம் தருவோர் இதைச் செய்ய வேண்டும் என்பது 1965-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதி, கட்டணம் வாங்கி விருந்தினரை வைத்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது. தீ விபத்து நேர்ந்த பிறகு தெரிவித்துப் பயனில்லை.

பெற்றோர் வீட்டில் உங்களுக்கும் பங்கு இருக்கலாம் என்பதால், சங்கக் கூட்டத்தில் இந்தப் பொருள் வரும்போது அதை முதலிலேயே அறிவித்துவிடுங்கள், வாக்கெடுப்பை வேறொருவர் நடத்தட்டும். நான் சொல்லும் விதி உங்கள் தம்பிக்குச் சாதகமாக இருப்பதால், அறிவிக்காமல் விட்டால் மனுவின் மதிப்பே கெடும்.

மனுவோடு ஓர் எளிய கணக்கெடுப்பை இணையுங்கள். எத்தனை வீடுகளில் உரிமையாளரே இருக்கிறார், எத்தனை மாத வாடகையில் உள்ளன, எத்தனை முழுவதும் நாள் வாடகைக்குப் போய்விட்டன, எத்தனை பூட்டிக் கிடக்கின்றன. மூன்று ஆண்டுக்கு முன் வாடகை என்ன, இன்று என்ன. தோட்டத்திலிருந்து வெளியேறி வீடு தேடும் குடும்பங்கள் எத்தனை. அந்த வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், மாதம் எவ்வளவு பெறுகிறார்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். சுத்தம் செய்யும் பெண்களில் இருவரையாவது கணக்கெடுக்கும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டுக்கு எத்தனை இரவு ஆள் வருகிறது என்பது வீட்டுக்காரரைவிடச் சில சமயம் அவர்களுக்கே சரியாகத் தெரியும். கணக்கெடுப்பு முடிந்ததும் எண்களை எனக்கு அனுப்பினால், தாமானுக்கு எத்தனை முழு வீடுகள் என்ற வரம்பை எந்த அளவில் கேட்பது என்பதற்கு ஒரு வரைவு எழுதித் தருகிறேன்.